யவன ராசாவின் தலைக்கட்டு

பூவரசந்திட்டில் மத்தியானத்தில் முழித்திருக்கிற ஆள் என்று யாருமில்லை. விடியும் முன்னே கடலுக்குப் போய்த் திரும்பிய ஆம்பளைகளும், கூடையைச் சுமந்து தெருத்தெருவாய் மீன் விற்றுத் திரும்பிய பொம்பளைகளும், அவர்கள் காலடியில் கிடக்கிற நாய்களும், காய்கிற வலைமேல் உட்கார்ந்த காக்கையும்கூடக் கண்ணசந்துபோகிற அந்த நேரத்தில் கடல் ஒன்றுதான் முழித்திருக்கும், அது யாரிடமும் எதையும் சொல்லாது. அதனால்தான் எங்கள் ஊரில் நடந்த இந்தக் காரியத்தை நடக்கும்போது பார்த்ததாகச் சொல்பவர் எவருமில்லை. நடந்து முடிந்ததைப் பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறோம்.

கரைவலை போட்டிருந்தோம். படகு வலையை அரைவட்டமாய்க் கடலில் விட்டுத் திரும்ப, கரையில் நிற்கிற ஆட்கள் ரெண்டு பக்கக் கயிற்றையும் பிடித்து, ஒருவன் முதுகில் ஒருவன் நெஞ்சு ஒட்ட, ஒரே உடம்பு மாதிரிச் சாய்ந்து சாய்ந்து இழுக்கிற வலை அது. அன்றைக்கு மீன் சேருகிற மடி கனத்து வந்தது. பெரிய திருக்கை என்று சிரித்துக்கொண்டே இழுத்தவர்கள், மடி கரைக்கு ஏறியதும் சிரிப்பை நிறுத்தினார்கள். உள்ளே ரெண்டு கல் ஆட்கள் கிடந்தார்கள். இடுப்பு வரைக்கும்தான் உருவம், அதற்குக் கீழே வெறும் தூண். ரெண்டு பேருக்கும் சுருட்டைத் தாடி, நீண்ட மூக்கு. ஒருத்தன் தலையில் இலை வைத்துக் கட்டிய மாலை இருந்ததால் அவனை ராசா என்றோம். அந்தக் காலத்தில் மிளகுக்கும் முத்துக்கும் கப்பலேறி இந்தக் கரைக்கு யவனர்கள் வருவார்கள் என்று எல்லாரும் கேள்விப்பட்டிருந்ததால் யவன ராசா என்றோம். மற்றவனுக்கு மாலை இல்லை, அதனால் பேரும் வைக்கவில்லை, கூட வந்தவன் என்றோம்.

நாட்டார் அஞ்சாப்புலிதான் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர். அவர் சொன்னால் வலை இறங்கும், அவர் சொன்னால் கல்யாணம் நிற்கும். அவர் கல்லைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ராசாவை எல்லையம்மன் கோயில் மதில் ஓரமாய் நடச் சொன்னார், கூட வந்தவனைக் கரையில் படகு கட்டுகிற முளையாய்ப் புதைக்கச் சொன்னார். ராசாவுக்கு ஒரு இடம், வேலைக்காரனுக்கு ஒரு இடம், அதில் யாருக்கும் குறை தெரியவில்லை. அப்படியே செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, படுத்தோம்.

எழுந்து பார்த்தால் கூட வந்தவன் கோயில் மதிலோரம் ராசாவுக்குப் பக்கத்தில் நின்றான். கரையில் அவனைப் புதைத்த குழி மட்டும் வாயைத் திறந்துகொண்டிருந்தது, அவன் கழுத்தில் கட்டிய படகுக் கயிறு முடிச்சு அவிழாமலே மணலில் வட்டமாய்க் கிடந்தது. குழிக்கும் கோயிலுக்கும் நடுவே இழுத்த தடமோ, காலடியோ எதுவும் இல்லை; நண்டு ஊர்ந்த கோடு மட்டும் இருந்தது.

முதலில் பக்கத்து ஊர்க்காரன் மேல் சந்தேகப்பட்டோம், ஏனென்றால் எது நடந்தாலும் முதலில் பக்கத்து ஊர்க்காரன்தான். பிறகு கோயில் பூசாரி மேல், உண்டியலுக்காகச் செய்கிறான் என்று. கூட வந்தவனை மறுபடி கரையில் நட்டோம், மத்தியானம் கழிந்ததும் மறுபடி ராசா பக்கத்தில் நின்றான். கழிமுகத்தைத் தாண்டிப் படகில் கொண்டுபோய் சவுக்குத் தோப்பில் போட்டுவிட்டு வந்தோம். எழுந்தபோது இந்தத் தடவை ராசாவைக் காணோம், தோப்பில் போய்ப் பார்த்தால் ரெண்டு பேரும் சவுக்குச் சருகு தலையில் விழ விழச் சேர்ந்து நின்றார்கள். கடைசியில் கூட வந்தவனைத் தோப்பிலேயே விட்டு, ராசாவை மட்டும் ஏலக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, சாவியை அஞ்சாப்புலி தன் அரைஞாணில் முடிந்துகொண்டு, கொட்டகை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரும் மனுசன்தானே, சாப்பிட்ட சோறு கண்ணை இழுத்தது. முழித்து, பூட்டைத் திறந்தால், உள்ளே ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ரெண்டு பேர்.

அஞ்சாப்புலியின் அக்கா பொன்னுருவி கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். புருசன் போனபிறகு மீன் பங்கு பிரிக்கிற வேலையை ஊர் அவள் கையில்தான் கொடுத்திருந்தது. அவள் பிரித்தால் தகராறு வராது, வந்தால் அவள் வாய்க்கு யாரும் நிற்க முடியாது.

“ஏண்டா தம்பி, பூட்டுறதுக்கு முன்னாலயே உள்ள இருந்தானோ என்னமோ. நீ எண்ணிப் பாத்துப் பூட்டுனியா?” என்றாள்.

அவர் சாவியை மறுபடி அரைஞாணில் முடிந்துகொண்டார்.

இப்போது எங்கள் ஊர்க் கட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். பூவரசந்திட்டில் எது இருந்தாலும் அது ஏதாவது ஒரு தலைக்கட்டைச் சேர்ந்திருக்க வேண்டும். ஆம்பளை ஒருத்தன் கல்யாணம் கட்டினால் அவனும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு இருந்தால்தான் ஊரே சேர்ந்து இழுக்கிற ஊர்வலையில் பங்கு, பஞ்சாயத்தில் வாய், மனை போட இடம். கட்டாதவன் அப்பன் தலைக்கட்டிலோ அண்ணன் தலைக்கட்டிலோ தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான், தலை நரைத்தாலும் ஊருக்கு அவன் பையன். நாய்க்கும் தலைக்கட்டு உண்டு, கரையேறிய ஆமைக்கும் அன்றைக்கு மட்டும் ஒரு தலைக்கட்டு உண்டு. யாருக்கும் சேராதது ஊரில் கிடந்தால் அம்மன் கோபிப்பாள், வலை வெறுமனே வரும்.

இந்தக் கற்கள் எந்தத் தலைக்கட்டு? யாரும் வாங்கிக்கொள்ள வரவில்லை. வாங்கிக்கொண்டால், நகர்த்தினவன் நீதானா என்று ஊர் கேட்குமே என்று ஒவ்வொருத்தரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். கடைசியில் கற்களுக்கே ஒரு தலைக்கட்டு கொடுத்துவிடலாம் என்றார் அஞ்சாப்புலி. ரெண்டு பேர் இருக்கிறார்களே, ரெண்டு தலைக்கட்டா என்று யாரோ கேட்டார்கள். ரெண்டு என்றால் ஊர்வலையில் ரெண்டு பங்கு மீன் கல்லுக்குப் போய்விடும் என்று அவருக்கு உடனே பட்டது. பிரித்தாலும் பிரியாதவர்களுக்கு எதற்கு ரெண்டு, ஒன்று போதும், யவன ராசா தலைக்கட்டு என்று அம்மன் வாசலில் கற்பூரம் அடித்துச் சொல்லிவிட்டார். கற்பூரம் அடித்துச் சொன்னதை எங்கள் ஊரில் திருப்பி வாங்குவது கிடையாது. நாங்களும் மிச்சம் பிடித்த மீனை நினைத்துச் சந்தோசமாகத்தான் போனோம்.

அதற்குப் பிறகு மீன் கூடை வைக்கிற இடமாக, துணி காயப்போடுகிற இடமாக, புருசனோடு சண்டை போட்ட பெண்கள் போய் சாய்ந்து உட்காருகிற இடமாகக் கற்கள் ஊரோடு கலந்துவிட்டன. ராசா நெற்றியில் யாரோ விபூதி பூசினார்கள். மத்தியானங்களில் அவர்கள் இஷ்டத்துக்கு இடம் மாறினார்கள், சேர்ந்தே மாறினார்கள், சாயங்காலம் எழுந்தால் இன்றைக்கு எங்கே நிற்கிறார்கள் என்று சும்மா பார்த்துக்கொள்வோம், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிற மாதிரி.

அப்படியே போயிருக்கும், வேதவல்லி டீச்சர் வராதிருந்தால். டவுன் காலேஜில் பழைய காலத்துச் சரித்திரம் சொல்லித்தருகிறவர். கேள்விப்பட்டு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் மண்டியிட்டு ரெண்டு கல்லையும் தடவித் தடவிப் பார்த்தார். கூட வந்தவனின் தோளில் ஒரு திட்டு இருந்தது, நாங்கள் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தோம். அவர் பாசியைச் சுரண்டினார். அது ஒரு கை. மணிக்கட்டோடு ஒடிந்த கை, ஐந்து விரலும் தோளை அழுத்திப் பிடித்தபடி. ராசாவின் கையோ மணிக்கட்டுக்கு மேலே மொட்டையாய் இருந்தது. ஒரே கல்லில் செதுக்கி, பிறகு யாரோ உளி வைத்து நடுவே பிளந்திருக்கிறார்கள்.

ஊர் கூடிவிட்டது. அஞ்சாப்புலி மெதுவாய்க் கேட்டார், இவர்கள் அண்ணன் தம்பியா என்று. டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நாட்டில் ராசாவுக்கு ராணியும் இருப்பாள், மனசுக்குப் பிடித்த ஆணும் இருப்பான். ஆண் ஆணை விரும்பினான் என்பதற்காக மட்டும் அங்கே யாரும் மலைத்து நிற்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் யார் மேலே, யார் கீழே என்பதுதான். ஆண்டை தன் அடிமையை எப்படி வைத்துக்கொண்டாலும் ஊர் வாய் திறக்காது. ஆண்டையே ஒருத்தனுக்குப் பணிந்தான் என்று வாடை அடித்தால் போதும், சுவரில் எழுதிச் சிரிப்பார்கள், கூத்தில் ஆடிக் காட்டுவார்கள். பிடிக்காத ராசா செத்துப்போனால் அவன் படுக்கையைப் பற்றித்தான் முதல் கதை கட்டுவார்கள், அதனால் எழுதி வைத்ததில் எது நடந்தது, எது பொறாமை என்று தனக்கே எப்போதும் சந்தேகம்தான் என்றார்.

பொன்னுருவி கேட்டாள்: “அந்த அடிமைகிட்ட ஒனக்கு இது புடிச்சிருக்கான்னு யாராவது கேட்டாங்களா டீச்சர்?”

“கேட்டதா எங்கயும் எழுதலம்மா.”

“எல்லா ஊர்லயும் அப்படித்தான்,” என்று சொல்லி அவள் தம்பியைப் பார்த்தாள்.

அஞ்சாப்புலிக்கு வேறொரு கவலை. “இந்த ரெண்டு பேர்ல மேல யாரு டீச்சர்?”

“அதுதான் இதுல தெரியல நாட்டாரே. ரெண்டு பேரும் ஒரே உசரம். ரெண்டு பேருக்கும் தாடி, ஒரே வயசு. சரிக்குச் சரியா நிக்கிறாங்க. அது அவங்க ஊருக்கே பொறுத்திருக்காது. அதனால பொளந்து கடல்ல போட்டாங்களோ என்னமோ. நெசமாவே எனக்குத் தெரியாது.”

மேலே சர்க்காருக்கு எழுதிப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மேலேயிருந்து இன்னும் யாரும் வரவில்லை.

அவர் பஸ் ஏறிய அன்றைக்கே ஊருக்குக் காய்ச்சல் மாதிரி ஒன்று பிடித்தது. கற்பூரம் அடித்துத் தலைக்கட்டு கொடுத்தாகிவிட்டது, கல்லை ஒன்றும் செய்ய முடியாது. கல்லை நகர்த்துகிறவன் எவனோ அவன் அதே மாதிரி ஆசைக்காரன், அவனைக் கண்டுபிடித்தால் போதும் என்று ஆம்பளைகள் கிளம்பினார்கள். இத்தனை நாள் தோளில் கை போட்டு நடந்தவர்கள் கையை எடுத்துத் தங்கள் பையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தவர்கள் ஆளுக்கொன்று பற்றவைத்தார்கள். பெண்டாட்டிமார் புருசனின் படகுக் கூட்டாளியைச் சோறு போடும்போது ஒருமுறை, கை கழுவும்போது ஒருமுறை உற்றுப் பார்த்தார்கள். கரைவலை இழுக்கும்போதுதான் விவகாரம் முற்றியது. ஒருவன் முதுகில் ஒருவன் நெஞ்சு ஒட்டாமல் ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றார்கள், இடைவெளியில் கயிறு தொய்ந்தது, தொய்ந்த கயிற்றைக் கடல் ஓட்டம் பிடுங்கிக்கொண்டுபோனது, வலை கிழிந்து, மடியில் இருந்த அயிலை எல்லாம் எங்கள் கண்ணெதிரே வெள்ளி வெள்ளியாய்க் கடலுக்குத் திரும்பியது. யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டினால், ஏன் நீ ஒட்டி நின்றிருக்கலாமே என்று பதில் வருமல்லவா.

சந்தேகம் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்து, இறங்க இடம் தேடிய கடல்காக்கை மாதிரி, கடைசியில் சித்திரவேல் குடிசைமேல் இறங்கியது.

சித்திரவேலும் பூமாலையும் ஒரு பைபர் படகை வைத்து ஒன்றாய்த் தொழில் செய்கிறவர்கள், சுக்கான் அவன், எஞ்சின் இவன். சவுக்குத் தோப்போரம் குடிசை போட்டு, ஒருத்தன் உலை வைத்தால் ஒருத்தன் மீன் ஆய்ந்து, ரொம்ப காலமாய் அங்கேதான் இருந்தார்கள். இருவருக்கும் மீசையில் நரை. கல்யாணப் பேச்சு எடுத்தால் ஒருத்தன் சிரிப்பான், ஒருத்தன் எழுந்து போவான். சித்திரவேல் அண்ணன் தலைக்கட்டில் கிடந்தான், பூமாலை மாமன் தலைக்கட்டில். ஊருக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்ததற்கு ஒரு பேர் இல்லாததால் தெரியாத மாதிரியே எல்லாருக்கும் வசதியாய் இருந்தது. டீச்சர் ராசாவைப் பற்றிச் சொன்னதும் அதற்குப் பேர் கிடைத்துவிட்டது.

பஞ்சாயத்தில் அஞ்சாப்புலி சுற்றி வளைத்துத்தான் பேசினார். கல்லை நகர்த்துவது நீங்கள்தானா என்றார். இல்லை என்றார்கள். மத்தியானத்தில் என்ன செய்கிறீர்கள் என்றார். எல்லாரையும் போலத் தூங்குகிறோம் என்றான் சித்திரவேல். அந்தப் பதிலில் ஒரு கூட்டம் சிரித்தது, ஒரு கூட்டம் காறித் துப்பியது. முடிவில், பூமாலை மாமன் பார்த்திருக்கிற பெண்ணைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் திருவிழா முடிந்து ஊர்வலை இழுத்த கையோடு மங்களூருக்கு விசைப்படகு வேலைக்குப் போய்விட வேண்டும், குடிசையைப் பிரித்துவிட வேண்டும் என்றார்கள். கட்டாத பையன்களுக்குப் பஞ்சாயத்தில் வாய் கிடையாது.  பூமாலை, போகிறேன் என்று தலையாட்டினான். ஒரு பெண்ணைக் கூட்டிவந்து ஏமாற்றுவதைவிட அது மேல் என்று அன்றைக்கு ராத்திரிச் சோற்றின்போது சொன்னானாம்.

திருவிழா முடிந்த மறுநாள் ஊர்வலை. வருசத்தில் ஒருமுறை மட்டும் போடுகிற வலை, அதன் கயிற்றில் ஒவ்வொரு தலைக்கட்டும் கை வைத்தாக வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் அந்த வருசம் முழுக்கத் தொழில் கெட்டுப்போகும் என்பது நம்பிக்கை. நாட்டார் ஒவ்வொரு தலைக்கட்டாய்க் கூப்பிட, கூப்பிடக் கூப்பிட ஆள் வந்து கயிற்றில் சேர, எல்லாருக்கும் கடைசியில் நாட்டார் நின்று பிடிப்பார். அன்றைக்குக் கடல் ஓட்டம் தாமதமாய்த் திரும்பியதால் வலை இறங்கவே மத்தியானமாகிவிட்டது, ஊரே முதன்முறையாக அந்த நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு கரையில் நின்றது. பூமாலை தோளில் துணிப்பை, பஸ் வருகிற நேரம். சித்திரவேல் அவன் பக்கத்தில், ஆனால் ஒரு முழம் தள்ளி.

அஞ்சாப்புலி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஆட்கள் சேர்ந்தார்கள், இடைவெளி விட்டு. வலை கனக்க ஆரம்பித்தது. மடியில் மீன் நிரம்புகிறபோது கயிறு ஒரு மாதிரி முனகும், அது முனகியது. கடைசிப் பேர் வந்தது.

“யவன ராசா தலைக்கட்டு.”

யாரும் வரவில்லை. கல் எப்படி வரும், ஊரே முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. கற்கள் அப்போது கோயில் மதிலோரம்தான் நின்றன, நாங்கள் கரைக்கு வரும்போது எல்லாரும் பார்த்தோம். யாராவது அவர்களுக்காக நின்று பிடியுங்கள் என்றார் அஞ்சாப்புலி. ஆம்பளைகள் கடலைப் பார்த்தார்கள். ராசா தலைக்கட்டுக்குக் கை வைத்தவன் என்று நாளைக்குப் பேர் ஒட்டிக்கொள்ளுமே. கயிறு கையை அறுத்தது, முன்னால் நிற்பவர்களின் குதிகால் மணலில் இழுபட ஆரம்பித்தது. நாட்டார் மறுபடி கூப்பிட்டார்.

சித்திரவேல் நகர்ந்தான். பூமாலையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான். ரெண்டு பேரும் கயிற்றுக்கு வந்து, அதைத் தொடாமல் நின்றார்கள்.

“நாங்க புடிக்கிறோம் நாட்டாரே,” என்றான்.

பொன்னுருவி பங்குக் கூடைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள். “அவங்க சார்பாவா புடிக்கிறீங்க, சொந்தமாவா? சொல்லிட்டுப் புடிங்கடா. நான் பங்கு வைக்கணும்.”

சித்திரவேல் பூமாலையைப் பார்த்தான். பூமாலை தோளிலிருந்த பையைக் கழற்றி மணலில் வைத்தான்.

“சொந்தமாத்தான் அக்கா.”

 அஞ்சாப்புலி வாயைத் திறந்தார். அவர் சொல்ல நினைத்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரெண்டு ஆம்பளைகளுக்கு ஒரு தலைக்கட்டு என்று அம்மன் வாசலில் கற்பூரம் அடித்துச் சொன்னவரும் அவர்தான், ஒரு பங்கு மீனை மிச்சம் பிடிக்கச் சொன்னதுதான், ஆனாலும் சொன்னது சொன்னது. முன்னால் நின்ற ஒருத்தன் முழங்காலில் விழுந்தான். கயிறு ஒரு பாகம் கடலுக்குள் போயிற்று.

“புடிங்கடா,” என்றார் அஞ்சாப்புலி. “வலை போவுது.”

பிடித்தார்கள். சித்திரவேலின் நெஞ்சு முன்னால் நின்றவன் முதுகில் ஒட்டியது, அவன் விலகவில்லை, விலகினால் வருசம் போய்விடும். பூமாலை சித்திரவேலோடு ஒட்டினான். முன்னால் ஒவ்வொரு இடைவெளியாய் மூடிக்கொண்டு போயிற்று, வரிசை முழுக்க ஒரே உடம்பாகிச் சாய்ந்தது. பூமாலைக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஆள் நாட்டார்தான், அவர் இடம் கடைசி இடம், வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பூமாலையின் முதுகில் நெஞ்சை வைத்து இழுத்தார். வலை அசைந்தது, நின்றது, பிறகு வந்தது, கொடுவாயும் சீலாவுமாய்த் துள்ளிக்கொண்டு அத்தனையும் கரையேறியது.

பொன்னுருவி பங்கு வைத்தாள். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் ஒரு குவியல் வைத்துக்கொண்டே வந்து, சித்திரவேலுக்கும் பூமாலைக்கும் முன்னால் ஒரே ஒரு குவியல் வைத்தாள். ரெண்டு வயிற்றுக்கு அது குறைச்சல்தான். “தலைக்கட்டுக்கு ஒண்ணுதான் தம்பிங்களா,” என்றாள், “எல்லாருக்கும் அப்படித்தான்.” மங்களூர் பஸ் ஊருக்கு வெளியே ரோட்டில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அதற்கப்புறம் ஊர் மாறிவிட்டதா என்றால், இல்லை. சித்திரவேல் குடிசையைத் தாண்டும்போது இப்போதும் சிலர் நடையைக் கூட்டுவார்கள். பஞ்சாயத்தில் அவன் பேசினால் இப்போதும் சிலர் தொண்டையைச் செருமுவார்கள், ஆனால் பேசி முடிக்கும் வரை காத்திருந்து செருமுவார்கள். கற்கள் அன்றைக்கு அப்புறம் இடம் மாறுவதில்லை.

அஞ்சாப்புலிதான் இப்போதெல்லாம் மத்தியானத்தில் தூங்குவதில்லை. ஒவ்வொருத்தராய்ப் பிடித்து நிறுத்தி, சாடையாய்ச் சந்தேகத்தோடு கேட்பார். கடைசி ஆள் அவர்தானே, அவருக்குப் பின்னால் வெறும் மணல்தானே, அப்படியிருக்க ஊர்வலை இழுத்த அன்றைக்கு, வலை நின்று பிறகு அசைந்ததே அந்த நேரத்தில், அவர் முதுகில் ஈரமும் குளிர்ச்சியுமாய் ஒரு நெஞ்சு வந்து ஒட்டியது யாருடையது என்று. அதற்கும் பின்னால் இன்னொரு பாரம் சாய்ந்தது போலிருந்ததே, தோளில் ஒரு கை அழுத்தியதே, அந்தக் கைக்கு மணிக்கட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்ததே என்பார். திரும்பிப் பார்த்தீர்களா நாட்டாரே என்று கேட்டால், கயிறு கையில் இருக்கும்போது எவன் திரும்புவான் என்பார்.

நாங்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கேதான் கண் திறந்து நின்றோம். அவர் பின்னால் வந்து நின்றது யாரென்று இன்னும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.